கேட்டைத் திறப்பதற்கு முன்: குடும்பப் பண்ணையில் விருந்தாளிகளை வரவேற்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பண்ணைக்கு முதன்முதலாகக் கட்டணம் கொடுத்து ஆட்கள் வந்த அன்று, சாயங்காலக் கறவைக்குப் பால் இல்லை. வந்தவர்களில் யாரோ கன்றுக் கொட்டகையின் கதவைச் சாத்திவிட்டு, கொண்டியை மட்டும் போடாமல் போயிருந்தார்கள். கன்றுகளுக்கு வேறென்ன வேண்டும்? பாட்டி வாளியோடு போனபோது ஒவ்வொன்றும் தாய்மடியை முட்டி முட்டிக் குடித்து முடித்து, வாயோரம் நுரையோடு நின்றிருந்தது. நான் வந்தவர்களைத் திட்டினேன். பாட்டி, "அவங்க மேல என்ன தப்பு? கொண்டின்னு ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதே" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, பிள்ளைகள் என்று இரண்டு மூன்று தலைமுறைகள் சேர்ந்து உழுகிற பண்ணையைப் பிறருக்குத் திறந்துவிட நினைக்கும் குடும்பங்களுக்கானது இது. விடுதி கட்டி, நீச்சல்குளம் வெட்டி, நடுவில் நாலு ஆட்டைக் கட்டிவைப்பவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. வருகிறவர்களுக்காகப் பண்ணையை மாற்றத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை. பண்ணை எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்கு வருகையை வெட்டிச் சுருக்குவதுதான் நம் வேலை.

முதல் படி: வீட்டுக்குள் பேசி முடியுங்கள்

பெரும்பாலானோர் பெயர்ப்பலகையில் தொடங்குகிறார்கள். நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் தொடங்குங்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு ராத்திரி, ஆளுக்கொரு தாளைக் கொடுத்து மூன்று விஷயங்கள் எழுதச் சொல்லுங்கள். நான் செய்யத் தயாராக இருப்பது எது? என்னை யார் கேட்டாலும் செய்யமாட்டேன் என்பது எது? வெளியாள் வரவே கூடாத இடமும் நேரமும் எவை? படிக்கும்போது வீட்டிலேயே சின்னவரின் தாளை முதலில் படியுங்கள். பெரியவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் வெடிக்கும்.

எங்கள் வீட்டில் தாத்தா ஒரே வரி எழுதியிருந்தார்: "மத்தியானம் 1 முதல் 3 வரை யாரும் வரக்கூடாது." அண்ணி, "சமையலறை காட்சிப் பொருள் இல்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அப்பாவின் தாள் வெறுமையாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் வாய் திறந்தார்: "காசு வாங்கிட்டு வீட்டைக் காட்டறதா?" அந்தக் கூச்சம் உங்கள் வீட்டிலும் யாருக்காவது இருக்கும். அதை விவாதம் பண்ணி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவருக்கு விருந்தாளிகளோடு சம்பந்தமில்லாத வேலையைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் அப்பா இன்றுவரை யாருக்கும் வணக்கம் சொல்ல வந்ததில்லை. ஆனால் எல்லா வேலியையும் சரிபார்ப்பவர் அவர்தான்.

அப்புறம் காசு. வருகிற பணத்துக்குத் தனி நோட்டு போடுங்கள். அதில் வரவு மட்டுமல்ல, யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பேசிச் சிரித்துப் பண்ணையைச் சுற்றிக் காட்டும் பையன் உழைப்பாளி என்று பெயர் வாங்குவான். கழிவறை கழுவி, குடிதண்ணீர் நிரப்பி, டம்ளர் விளக்கிய பெண்களின் பொழுது கணக்கிலேயே வராது. மூன்று மாதம் நோட்டில் எழுதிப் பார்த்தபோது எங்கள் வீட்டில் அதிக மணிநேரம் அம்மாவுடையது. பங்கை அதன்படி மாற்றினோம்.

எல்லை எங்கே என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். கலிபோர்னியாவில் வால்டர் நாட், கார்டிலியா தம்பதி 1920-ல் பெர்ரி பயிரிடத் தொடங்கி, சாலையோரம் கடை போட்டுப் பழம் விற்றார்கள். 1934-ல் கார்டிலியா வருகிறவர்களுக்குக் கோழிச் சாப்பாடு போட ஆரம்பித்தார். கூட்டம் அலைமோதியது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று 1940-ல் பழங்காலத்து ஊர் போல ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் இன்று ராட்டினங்கள் நிறைந்த பெரிய கேளிக்கைப் பூங்கா. குடும்பம் 1997-ல் அதை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. வியாபாரமாகப் பார்த்தால் அபார வெற்றிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பண்ணை பெயரில் மட்டும் நின்றுவிட்டது.

இத்தாலி வேறு வழியில் போனது. பண்ணையில் விருந்தாளிகளைத் தங்கவைப்பதற்கென்றே அங்கே 1985-ல் ஒரு சட்டம் வந்தது. விவசாயம்தான் முதன்மைத் தொழில், விருந்தோம்பல் அதற்குத் துணையாகத்தான் நடக்கலாம் என்பது அதன் அடிப்படை. நாங்கள் அதையே வீட்டு விதியாகச் சுருக்கிக்கொண்டோம்: எந்த மாதத்திலும் விருந்தாளிகளுக்குப் போகும் நேரம் வயலுக்கும் தொழுவத்துக்கும் போகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மூன்றில் ஒன்று என்பது எங்கள் கணக்கு. உங்களுடையது வேறாக இருக்கலாம், ஆனால் ஒரு எண் இருக்கட்டும்.

இளையவர்களிடம் தனியாக ஒரு கேள்வி: இந்தப் பண்ணை உனக்கு வேண்டுமா? விருந்தாளிகள் வந்தால் வருமானம் கூடும், பிள்ளைகள் ஊரிலேயே தங்கிவிடுவார்கள் என்று பெரியவர்கள் மனக்கோட்டை கட்டுவது வழக்கம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1630-களில் தொடங்கிய டட்டில் குடும்பப் பண்ணை 11 தலைமுறை தாண்டிய பிறகு 2010-ல் விற்பனைக்கு வந்தது. தலைமுறைக் கணக்கு யாரையும் கட்டிப்போடாது. கேட்டுத் தெரிந்துகொண்டு முதலீடு செய்யுங்கள்.

கடைசியாக, ஒரு தேதி குறியுங்கள். "ஒரு பருவம் பார்ப்போம், பிடிக்காவிட்டால் நிறுத்துவோம்" என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நிறுத்த வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் தயங்குகிறவர் சம்மதிப்பார்.

இரண்டாம் படி: சொந்த நிலத்தில் அந்நியராக நடங்கள்

பண்ணையின் கைவரைபடம் ஒன்று போடுங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். பச்சை இடத்தில் வருகிறவர்கள் தாங்களாகவே திரியலாம். மஞ்சளில் வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தால் மட்டும். சிவப்பில் யாருக்கும் அனுமதியில்லை, பூட்டு தொங்க வேண்டும். நிறம் தீட்டுவதற்கு முன் ஒருமுறை முழுப் பண்ணையையும் முட்டி போட்டுச் சுற்றி வாருங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நாலு வயதுக் குழந்தையின் கண் உயரத்திலிருந்து பார்த்தால்தான், மண்வெட்டியின் முனை, தொங்கும் வயர், தொட்டியின் தாழ்ந்த விளிம்பு எல்லாம் தெரியும்.

சிவப்பில் யோசனையே இல்லாமல் போக வேண்டியவை சில. பூச்சிமருந்து அறை. கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, ஆழமான தொட்டி. பொலிகாளை. ஓடுகிற டிராக்டர்: மற்ற கருவிகளை ஓட்டுவதற்காகப் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுழலும். துப்பட்டா நுனி சிக்கினால் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது. விருந்தாளிகள் உள்ளே இருக்கும்போது டிராக்டர் சாவி ஒருவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும், வண்டியில் அல்ல.

சாணக் கரைசல் குழியைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். அதைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு வெளியே வரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆபத்து அங்கேதான். குழிக்குள் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. விருந்தாளிகள் வருகிற நாளில் குழியைக் கலக்காதீர்கள். மற்ற நாட்களிலும் மூடி இருக்கட்டும்.

மஞ்சளில் மாட்டுத் தொழுவம் வரும். மாட்டுக்குத் தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட 330 டிகிரி தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. சத்தமில்லாமல் பின்புறமாக வந்து தட்டிக்கொடுத்தால் எந்தச் சாதுவான பசுவும் உதைக்கும். தோள்பக்கமாக, பேசிக்கொண்டே வரச் சொல்லுங்கள். இதை அறிவிப்புப் பலகையில் எழுதுவதைவிட ஒருமுறை நடந்து காட்டுவது மேல்.

கொண்டிக்கு வருவோம். "கதவை மூடவும்" என்று பலகை வைத்தால் மூடுவார்கள், கொண்டி போடமாட்டார்கள். நாங்கள் எல்லாக் கதவுக்கும் தானாகச் சாத்திக்கொள்ளும்படி கனமான எடையோ ஸ்பிரிங்கோ வைத்து, தானே விழும் கொண்டி மாட்டினோம். விருந்தாளி பழக வேண்டிய பழக்கம் எதுவாக இருந்தாலும், அதைக் கருவியிடம் ஒப்படைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாம் படி: அனுமதி, காப்பீடு

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விதி இடத்துக்கு இடம் மாறும். உள்ளாட்சி அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். விவசாய நிலத்தில் கட்டணம் வாங்கி ஆட்களை அனுமதிக்கலாமா? உணவு கொடுத்தால் தனி உரிமம் வேண்டுமா? ராத்திரி தங்கவைத்தால் என்ன மாறும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டு முகவரிடம், "பணம் கொடுத்து வருகிற ஆளுக்கு இங்கே காயம் பட்டால் இந்தப் பாலிசி தருமா?" என்று நேராகக் கேளுங்கள். பயிருக்கும் மாட்டுக்கும் எடுத்த பாலிசியில் அது பெரும்பாலும் இருக்காது. வேலைக்கு உதவ வந்து தங்கும் தன்னார்வலர்களையும் கேள்வியில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1971-ல் இங்கிலாந்தில் சூ காப்பர்ட் தொடங்கிய வூஃப் அமைப்பு வழியாக உழைப்புக்குப் பதில் சாப்பாடும் தங்குமிடமும் என்ற ஏற்பாடு உலகெங்கும் பரவியிருக்கிறது. சில நாடுகளின் விசா விதிகள் அதையும் வேலையாகவே கணக்கிடும்.

நான்காம் படி: கை கழுவும் இடம்

இதற்கு ஏன் தனிப் படி என்று தோன்றலாம். 2009-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், பொதுமக்களுக்குத் திறந்திருந்த ஒரு பண்ணைக்குப் போய்வந்தவர்களில் தொடங்கி 93 பேருக்கு ஈ.கோலை ஓ157 கிருமி தொற்றியது. பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. இந்தக் கிருமி மாட்டின், ஆட்டின் குடலில் அவற்றுக்கு எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். ஆடு கொழுகொழுவென்று இருக்கிறதே என்று நம்பிவிட முடியாது. 100-க்கும் குறைவான கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே நோய் வரலாம். ரோமத்தில் ஒட்டிய காய்ந்த சாணம், அதைத் தடவிய கை, அந்தக் கையில் ஒரு பிஸ்கட். அவ்வளவுதான்.

ஆகவே கை கழுவும் குழாய்கள் ஆடு மாடு இருக்கும் இடத்துக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில், அதைத் தாண்டாமல் போகவே முடியாத வழியில் இருக்க வேண்டும். கழிவறைப் பக்கம் ஒதுக்கிவைத்தால் பாதிப் பேர் கழுவமாட்டார்கள். 20 பேர் குழுவுக்கு மூன்று குழாயாவது வேண்டும், அதில் ஒன்று சிறு குழந்தையின் இடுப்பு உயரத்தில். ஓடும் தண்ணீர், சோப்பு, 20 நொடி. வாளியில் முக்கிக் கழுவுவது கழுவுவதே அல்ல. முதல் ஆளின் அழுக்கு கடைசி ஆளுக்குப் போய்ச் சேரும். சானிடைசர் பாட்டிலை நம்பி உட்காராதீர்கள். அழுக்குப் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. கன்றுகளிடமிருந்து தொற்றி வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை அது கொல்லவே கொல்லாது.

தொழுவத்தில் எதையும் சாப்பிட விடாதீர்கள். குழந்தையின் நிப்பிள், பால்புட்டி, விரல் சப்புவது எல்லாம் இதில் சேர்த்தி. காய்ச்சாத பாலை "அசல் ருசி" என்று நீட்டவே வேண்டாம். 72 டிகிரி செல்சியஸில் 15 நொடி என்று பால்பண்ணைகள் பதப்படுத்துவது சும்மா இல்லை. இந்தப் பாலைக் குடித்தே வளர்ந்தவன்தான் நானும். என் வயிற்றை வைத்து இன்னொருவர் குழந்தைக்கு முடிவெடுக்க முடியாது.

கர்ப்பிணிகளிடம் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்: ஆடு குட்டி போடும் காலத்தில் அந்தக் கொட்டகைக்கு அவர்கள் வரக் கூடாது. ஈன்ற ஆட்டின் திரவத்திலும் நஞ்சுக்கொடியிலும் கருவைப் பாதிக்கும் கிருமிகள் இருக்கலாம். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை ஆட்டுப் பண்ணைகளிலிருந்து பரவிய கியூ காய்ச்சல் சுமார் 4,000 பேரைப் பிடித்தது. அந்தக் கிருமி காற்றிலேயே போகக்கூடியது. குட்டி பிறப்பதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். இரண்டு வாரம் கழித்து, துள்ளும்போது பார்க்கட்டும்.

தொற்று எதிர்த்திசையிலும் வரும். 2001-ல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள்; நோய் பரவாமலிருக்க நாட்டுப்புற நடைபாதைகளை மூடினார்கள். செருப்பில் ஒட்டிய மண்ணே போதும். அண்மையில் வேறு பண்ணைக்குப் போனீர்களா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. வாசலில் ஒரு பிரஷ்ஷும் தண்ணீரும் வையுங்கள். முதலில் மண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டு, அப்புறம் கிருமிநாசினித் தொட்டியில் கால் வைக்க வேண்டும். மண்ணோடு முக்கினால் மருந்து வீண்.

ஐந்தாம் படி: எதைக் காட்டுவது?

இரண்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் குழந்தைகள் சிணுங்குவார்கள், பெரியவர்கள் செல்போனைப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசைதான் பெரிய எதிரி. நாலு இடம், ஒவ்வொன்றிலும் கையால் தொட்டு உணர ஒரு விஷயம், அவ்வளவு போதும்.

எங்கள் பண்ணையில் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சொல்வது எருக்குவியலைப் பற்றி என்றால் நம்புவீர்களா? காலையிலேயே ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவரை செருகிவைப்போம். "இது வெறும் குப்பைதானே, உள்ளே எப்படி இருக்கும்?" என்று கேட்டால், ஈரமாக, நாற்றமாக என்பார்கள். கம்பியை உருவி, ஒரு பெரியவரை மட்டும் மெதுவாகத் தொடச் சொல்வோம். வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வார். நன்றாக வேலை செய்யும் குவியலின் நடுவில் 55 முதல் 65 டிகிரி இருக்கும். நெருப்பில்லை, மின்சாரமில்லை, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும் சூடு அது. அதன் பிறகு உரத்தைப் பற்றி நாம் சொல்லும் எதையும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இரண்டாவது, அசை போடும் பசு. அதன் பக்கத்தில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். தாடை பக்கவாட்டில் அரைப்பது தெரியும். விழுங்கியதும் ஒரு கணம் நிற்கும். பிறகு கழுத்தில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறும். குழந்தைகள் அதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அடுத்த உருண்டைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். மேல் தாடையில் முன்பல்லே கிடையாது என்பதை அப்போது சொல்லுங்கள். வாயைத் திறந்து காட்டத் தேவையில்லை, மாட்டுக்கு அது பிடிக்காது.

மூன்றாவது, காலத்தைக் காட்டுவது. கோழி முட்டை பொரிக்க 21 நாள், வாத்து முட்டைக்கு 28; சினையான ஆடு குட்டி போட ஏறக்குறைய 150, பசு கன்று போட ஏறக்குறைய 280. ஒரு நீளக் கயிற்றில் நாளுக்கொரு விரல் அகலம் என்று அளந்து முடிச்சுப் போட்டு, வேலியில் கட்டுங்கள். பசுவின் முடிச்சுவரை நடந்து போவதற்குள் ஒரு டம்ளர் பாலின் பின்னால் எத்தனை நாள் இருக்கிறது என்பது காலுக்கே தெரிந்துவிடும்.

நான்காவதாக, மற்ற பண்ணைகளிடம் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பல தலைமுறைப் பண்ணையில் அது பெரும்பாலும் ஒரே இடத்தின் கதையாக இருக்கும். ஒரு வயலில் நின்று, கொள்ளுத்தாத்தா காலத்தில் இங்கே என்ன விளைந்தது, தாத்தா அதை ஏன் மாற்றினார், அப்பா எதில் நஷ்டப்பட்டார், நாம் இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்லுங்கள். நஷ்டத்தை மறைக்காதீர்கள். வெற்றிக் கதையை எல்லாப் பண்ணையும் சொல்லும்; கேட்பவர் அதை வாசலிலேயே மறந்துவிடுவார்.

தீவனம் கொடுக்கும் ஆசையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆளுக்கொரு பிடி தானியம் என்று 20 பேர் கொடுத்தால் ஆட்டின் வயிறு புளித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். பசுந்தழை மட்டும், நாம் அளந்து கொடுத்தது மட்டும். ஆட்டுக்கு அன்றைய தீவனத்தில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கொட்டகையின் ஒரு மூலை ஆட்டுக்கு மட்டும், ஆட்கள் எட்ட முடியாதபடி இருக்கட்டும். கூட்டம் பிடிக்காத ஆடு தானாகப் போய் அங்கே நிற்கும். எல்லா ஆடும் அங்கே போய்விட்டால் வருகை முடிந்தது என்று அர்த்தம், கடிகாரம் பார்க்க வேண்டாம்.

ஆறாம் படி: பெரியவர்கள்

முதல் மாதம் தாத்தாவைக் கட்டிலில் உட்காரவைத்து, வருகிறவர்களிடம் பேசச் சொன்னோம். ஒரே கேள்வி, நாற்பது தடவை: "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?" அடுத்த வாரம் கார் சத்தம் கேட்டதும் ஆள் மோட்டார் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். தப்பு எங்களுடையது. அவரைக் காட்சியாக்கிவிட்டோம்.

பிறகு மாற்றினோம். பெரியவர்கள் தாங்கள் அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலையைச் செய்வார்கள். கயிறு திரிப்பார், அரிவாள் தீட்டுவார், விதை புடைப்பார். பக்கத்தில் நின்று பார்க்கலாம், விருப்பப்பட்டால் அவர் பேசுவார். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகப் பேசும். பாட்டி பால் கறக்கும்போது ஒரு சின்னப் பெண், "அதுக்கு வலிக்காதா பாட்டி?" என்று கேட்டாள். பாட்டி நிமிராமலே, "வலிச்சா என்னை உதைச்சிருக்குமே கண்ணு. நின்னுட்டுல்ல இருக்கு" என்றார். கட்டிலில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது.

படம் எடுப்பதற்கு முன் அவரிடமே கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. வீட்டுக் குழந்தைகளுக்கும் அதே. பரீட்சை நாளில், உடம்பு சரியில்லாத நாளில் அவர்களை "வாங்க" சொல்ல அனுப்பாதீர்கள்.

ஏழாம் படி: கட்டணமும் முன்பதிவும்

கட்டணத்தை அக்கம்பக்கத்துப் பண்ணையைப் பார்த்து வைக்காதீர்கள், ஆள்மணியை எண்ணுங்கள். 20 பேர் வரும் இரண்டு மணி நேர வருகைக்கு எங்கள் கணக்கு இது: முன்தயாரிப்பு இருவருக்கு 2 மணி, ஆக 4. கூட இருப்பது மூவருக்கு 2 மணி, ஆக 6. பிறகு கழுவித் துடைப்பது இருவருக்கு 1 மணி, ஆக 2. போனில் பதில் சொல்வது 1. மொத்தம் 13 ஆள்மணி. அதே 13 மணிக்கு வயலில் ஆள் வைத்தால் என்ன கூலியோ அதைப் போட்டு, சோப்பு, தண்ணீர், காப்பீட்டுப் பங்கு, பழுது எல்லாம் சேர்த்து 20-ஆல் அல்ல, 15-ஆல் வகுங்கள். 20 பேர் பதிவு செய்தால் 20 பேரும் வருவதில்லை. வருகிற தொகை அதிகமாகத் தெரிந்தால் வருகையைச் சின்னதாக்குங்கள், உழைப்பை இலவசமாக்காதீர்கள்.

முன்பதிவு இல்லாமல் யாரையும் விடாதீர்கள். உறவினர்கள் உட்பட, சிரமம்தான். பதிவு செய்தவருக்கு முதல்நாள் ஒரு செய்தி அனுப்புங்கள்: மூடிய காலணி, தொப்பி, நாயைக் கூட்டிவர வேண்டாம், வயிற்றுப்போக்கு இருப்பவர் வேறொரு நாள் வரலாம், மழை பெய்தால் என்ன ஏற்பாடு. பள்ளிக் குழு என்றால் எட்டுக் குழந்தைக்கு ஒரு பெரியவராவது அவர்கள் தரப்பிலிருந்து வர வேண்டும் என்று கேளுங்கள். சிறுசுகளாக இருந்தால் நாலுக்கு ஒருவர்.

வருடத்துக்கான நாட்காட்டியில் முதலில் மூடிய நாட்களைக் குறியுங்கள்: அறுவடை வாரம், குட்டி ஈனும் காலம், வீட்டு விசேஷம். மருந்தடித்த நாட்களையும் சேருங்கள். வயலுக்குள் எத்தனை மணி நேரம் கழித்து நுழையலாம் என்பது அந்த டப்பாவின் லேபிளிலேயே இருக்கும், அதற்கு மேல் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஆடு மாடுகள் அந்நியர் முகம் பார்க்காமல் இருக்கட்டும். மீதி இருக்கும் நாட்கள்தான் விருந்தாளிகளுக்கு.

எட்டாம் படி: ஒத்திகை, பிறகு நிஜம்

காசு வாங்குவதற்கு முன் தெரிந்த இரண்டு குடும்பங்களை இலவசமாக அழையுங்கள். பண்ணை வாசனையே தெரியாதவர்களாக இருந்தால் நல்லது. ஒருவரிடம் நோட்டைக் கொடுத்து, குழம்பிய இடத்தையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்த குறிப்புகளில் முதலாவது, "கழிவறை எங்கே என்று யாரும் சொல்லவில்லை." ஆறு பேர் இருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கார் நிறுத்தும் இடத்தையும் ஒத்திகை பாருங்கள்: ஆம்புலன்ஸ் வந்தால் உள்ளே நுழைந்து திரும்ப வழி இருக்கிறதா? முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா?

நிஜ நாளில் வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி மூன்றே மூன்று விதி சொல்லுங்கள். நாங்கள் சொல்வது: ஓடாதீர்கள், கை கழுவாமல் வாயில் எதுவும் வைக்காதீர்கள், திறந்த கதவைத் திறந்தபடியும் மூடிய கதவை மூடியபடியும் விட்டுப் போங்கள். நாலாவது விதி சொன்னால் முதலாவதை மறந்துவிடுகிறார்கள். முன்னால் ஒருவர் நடக்க, கடைசி ஆளுக்கும் பின்னால் வீட்டு ஆள் ஒருவர் வர வேண்டும். பேச்சுத்திறமை முன்னால் இருப்பவருக்குத் தேவை, பொறுமை பின்னால் வருபவருக்கு. எதையும் உற்றுப் பார்த்துக்கொண்டு பின்தங்கும் குழந்தைதான் உண்மையில் பண்ணையைப் பார்க்கிறது, அதை அவசரப்படுத்தாதீர்கள்.

அவர்கள் கிளம்பிய பிறகும் அரை மணி நேர வேலை இருக்கிறது. தலைகளை எண்ணுங்கள், ஆடு மாடு இரண்டும். தரையில் விழுந்த பிளாஸ்டிக் உறை, ஹேர் பின், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் பொறுக்குங்கள், மாட்டு வயிற்றுக்குள் போனால் வெளியே எடுப்பது பெரிய பாடு. தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். இதுவரை ஒரு பொம்மைக் கார், இரண்டு கண்ணாடி, ஒரு செல்போன் எடுத்திருக்கிறோம். யாராவது எங்கேயாவது வழுக்கினார்களா, எந்த ஆடு விலகிப் போனது, எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று நோட்டில் இரண்டு வரி. பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக. கன்றுக் கொட்டகைக்கு இப்போது தானாக விழும் கொண்டிதான். ஆனாலும் கறவைக்குப் போகும் முன் பாட்டி ஒருமுறை அதை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாளியை எடுப்பார்.